வீட்டில் செய்யும் பிசிபியில் செம்புத் தடங்கள் அறுந்துபோவது ஏன்?

பிசிபி என்னும் மின்சுற்றுப் பலகையைச் செய்ய, லேசர் அச்சை இஸ்திரிப் பெட்டியால் செம்புப் பலகையில் பதித்து, செம்பைக் கரைக்கும் பெரிக் குளோரைடு கரைசலில் அரிக்கும்போது மெல்லிய தடங்கள் அங்கங்கே அறுந்துபோவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் குறை கரைசலில் இல்லை. பலகையைத் தூய்மை செய்த விதத்தில்தான் இருக்கிறது. லேசர் அச்சின் மையான டோனர் என்பது சூட்டில் உருகி ஒட்டும் பிளாஸ்டிக் தூள் என்பதால், விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு சிறிதளவு இருந்தாலும் அந்த இடத்தில் டோனர் செம்பைச் சரியாகப் பற்றாது; அங்கே கரைசல் புகுந்து தடத்தை அரித்துவிடும். நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகு செம்பைத் தொடவே கூடாது.

இன்னொரு காரணம் பலரும் கவனிக்காதது. கரைசல் செம்பை மேலிருந்து கீழாக மட்டும் அரிப்பதில்லை. டோனருக்கு அடியில் பக்கவாட்டிலும் புகுந்து அரிக்கிறது. சாதாரணப் பலகையில் செம்பின் தடிமன் 35 மைக்ரோமீட்டர்தான் என்பதால், தேவையற்ற செம்பு கரைந்து முடிந்த பிறகும் பலகை கரைசலிலேயே கிடந்தால், தடங்களின் ஓரங்கள் தேய்ந்துகொண்டே போய் மெல்லியவை முதலில் அறுகின்றன. கரைசலை 40 பாகை செல்சியஸ் அளவுக்கு வெதுவெதுப்பாக்கி, தட்டை இடைவிடாமல் மெல்ல அசைத்து, வேலை முடிந்த கணமே பலகையை எடுத்துக் கழுவுங்கள். தொடக்கத்தில் தடங்களை 0.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வரைவதும், தடங்களுக்கு இடையிலான வெற்றிடங்களைத் தரையிணைப்புச் (கிரவுண்ட்) செம்பாகவே விட்டுவிடுவதும் நல்லது. கரைய வேண்டிய செம்பு குறைவதால் நேரமும் குறையும்.

கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். செம்பு கலந்த பழைய கரைசல் மீன்களுக்கு நஞ்சு என்பதால் அதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் புட்டியில் மூடி வைத்து, அபாயக் கழிவாகவே ஒப்படையுங்கள்.