ஆயிரம் கன்றுக்கு ஒரு தாய்மரம் போதுமா?

சேர்வராயன் மலையை ஏன் ‘தீவு’ என்கிறீர்கள்? சுற்றிலும் கடலா இருக்கிறது?
– ஏற்காடு வாசகர்

சோலை மரங்களுக்கு, அதாவது குளிர்ந்த மலைக்காட்டு மரங்களுக்கு, சுற்றியுள்ள சமவெளி கடல்தான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கீழே சேலம் 300 மீட்டர்கூட இல்லை. குளிரில் வளரும் மரத்தின் விதை ஓமலூர் வெயிலில் விழுந்தால் பிழைக்காது. மகரந்தம் சுமக்கும் தேனீயும் கொல்லிமலை வரை பறக்காது. அதனால் மலைமேல் இருப்பவை தங்களுக்குள்ளேயே கலக்கின்றன. எண்ணிக்கை குறையக் குறைய, சில மரபுக்கூறுகள் தற்செயலாகவே தொலைந்துபோகின்றன.

கோயில் காட்டில் ஒரு பெரிய மரத்தடியில் விதை கொட்டிக் கிடக்கிறது. ஆயிரம் கன்று போடலாமா?
– ஓமலூர் இளைஞர்கள்

போடுங்கள். ஆனால் அந்த ஒரு மரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஆயிரமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். நாளை அவை பூக்கும்போது உடன்பிறந்தவைக்குள்ளேயே கலப்பு நடக்கும். முளைப்பு குறையும், கன்றுகள் நோஞ்சானாகும். சில மரங்கள் நெருங்கிய உறவின் மகரந்தத்தை ஏற்கவே ஏற்காது.

தென் அட்லாண்டிக்கில் செயின்ட் ஹெலினா தீவில் ‘ஆலிவ்’ என்று அழைக்கப்பட்ட மரத்துக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும். அழிந்துவிட்டதாக நினைத்த இனத்தில் 1977இல் ஒரே ஒரு மரம் கிடைத்தது. தன் மகரந்தத்தில் அது அபூர்வமாகத்தான் விதை பிடித்தது. 1994இல் அந்த மரம் பட்டது. வளர்த்தெடுத்த கன்றுகளையும் பூஞ்சையும் கரையானும் விடவில்லை. 2003இல் கடைசிக் கன்றும் போனது.

அதனால் முடிந்தால் 30 தாய்மரங்கள், ஒன்றுக்கொன்று 100 மீட்டராவது தள்ளி. எல்லாவற்றிலும் ஒரே அளவு எடுங்கள். முழுவதையும் வழித்து அள்ளாதீர்கள், காட்டுக்கும் விதை வேண்டும்.

போத்து (கிளைத் துண்டு) வெட்டி நட்டால் சீக்கிரம் பெருகாதா?
– அஸ்தம்பட்டி வாசகி

பெருகும். ஆனால் நூறு போத்தும் மரபணுவில் ஒரே மரம்தான். சாகக் கிடக்கும் மரத்தைக் காப்பாற்ற மட்டும் அது சரி.

கொல்லிமலைக் கன்றை இங்கே நடலாமா?
– ஏற்காடு எஸ்டேட்காரர்

முதலில் இந்த மலை விதை. இந்த மண்ணுக்கும் மழைக்கும் பழகியது அதுதான். இங்கே நாலைந்து மரம்தான் மிச்சம், விதையும் பிடிக்கவில்லை என்றால் மட்டும் வெளியிலிருந்து கொண்டுவருவதை யோசிக்கலாம்; அதையும் வனத்துறையிடம் கேட்டுவிட்டு. உங்கள் காபித் தோட்டத்து ஓரத்தில் வெர்னோனியா சேர்வராயென்சிஸ் நின்றால், நிழல் மரக் கிளைகளைக் கழிக்கும்போது அதன்மேல் கத்தி வைக்காதீர்கள். சூரியகாந்திக் குடும்பத்து மரம் அது, இந்த மலையின் பெயரையே சுமப்பது. பூக்கும் காலத்தில் எனக்கு ஒரு தகவல் சொல்லுங்கள், விதை எடுக்க நானே வருகிறேன்.