கடலுக்குப் போகிற நாளில் வார் வந்தால்?

கேள்வி: அண்ணே, எனக்கு ஊர் தங்கச்சிமடம். ராமேஸ்வரத்துல விசைப்படகுல வேலை. சொந்தக்காரப் பயலுக, கூட்டாளிக எல்லாம் சேர்ந்து கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்ங்கிற போன் கேம்ல ஒரு கிளான் (குழு) வச்சிருக்கோம். 22 பேர், லெவல் 8. லீடர் எங்க மச்சான், இப்ப துபாய்ல இருக்காரு. இந்த வருஷத்துக்குள்ள லெவல் 10 ஆக்கியே தீரணும்னு சட்டம் போட்டுட்டாரு. வார்ல, அதாவது வேற கிளானோட போடுற சண்டையில, ரெண்டு அட்டாக்கும் கட்டாயம், கிளான் கேம்ஸ்ங்கிற மாசாந்திரச் சவால்ல ஆளுக்கு 4,000 புள்ளி கட்டாயம், ஒரு தடவை தவறுனா எல்டர் பதவி போயிரும், மறு தடவை கிக். திங்கள், புதன், சனி நாங்க கடலுக்குப் போற நாள். வர்றதுக்கு மறுநாள் காலை ஆயிரும். அப்படிப் போன நேரத்துல ரெண்டு வார் முடிஞ்சுருச்சு. கரைக்கு வந்து போனைத் திறந்தா நான் கிளான்லயே இல்ல. இப்ப ஒரு பெரிய கிளான்ல கூப்பிடுறாங்க. சேர 300 ரூபா கேக்குறாங்க. நான் கடல்ல இருக்கும்போது அவங்க ஆளே என் அக்கவுண்ட்ல அட்டாக் போட்டுக்குவாங்களாம். போகலாமா, இல்ல மச்சான்கிட்டயே பேசிப் பார்க்கவா?

பதில்: தம்பி, மச்சானிடமே பேசுங்கள். ஆனால் "என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சிக்கொண்டு போகாதீர்கள், கையில் கணக்கோடு போங்கள். உங்களை வெளியே தள்ளியது விளையாட்டின் விதி அல்ல, மச்சான் போட்ட விதி. கிளான் வளர்வதற்கு விளையாட்டு கேட்பது ஒன்று, அதை நிறைவேற்ற லீடர்கள் ஆளாளுக்கு வைக்கிற நிபந்தனை வேறு. விளையாட்டு பெரும்பாலும் மொத்தத்தைத்தான் எண்ணும். லீடருக்கு மொத்தத்தை மேய்ப்பது சிரமம். அதனால் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டுவிடுகிறார். எப்போதாவது விளையாடுகிறவன் அடிபடுவது அங்கேதான்.

கிளான் கேம்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக மாதம் 22-ஆம் தேதி தொடங்கி 28 வரை நடக்கும். ஒருவர் அதிகபட்சம் 4,000 புள்ளி எடுக்கலாம். கிளான் மொத்தமாக 50,000 தொட்டுவிட்டால் கடைசிப் படிப் பரிசு வரைக்கும் திறந்துவிடும். 50,000-ஐ 4,000-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. அதாவது 13 பேர் முழுதாக ஆடினால் வேலை முடிந்தது. உங்கள் கிளானில் 22 பேர். ஆளுக்கு 2,300 எடுத்தாலே 50,000 தாண்டிவிடும். பிறகு எதற்கு எல்லோருக்கும் 4,000? முழு 4,000 எடுத்தவருக்குக் கடைசியில் ஒரு பரிசு கூடுதலாகத் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும், அவ்வளவுதான். அது அவரவர் ஆசை. கிளானுக்கு அதனால் ஒன்றும் குறையாது. கடலுக்கு வராதவனுக்குப் பங்கு கிடையாது என்பது படகுக் கணக்கு. கிளான் கேம்ஸ் அப்படி வைக்கப்பட்டதல்ல. கொஞ்சம் ஆடியவனுக்கும், கிளான் தொட்ட படி வரைக்கும் பரிசு உண்டு. புள்ளியே எடுக்காமல் இருந்தால்தான் கிடைக்காது. ஆகவே மச்சானிடம் "ஆளுக்கு 1,500 கட்டாயம், மிச்சத்தை நேரம் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். 1,500 என்பது கரையில் இருக்கிற இரண்டு சாயங்காலத்தில் எடுத்துவிடக்கூடிய புள்ளிதான். இன்னொன்றும் சொல்லுங்கள். அவர் ஏற்ற நினைக்கிற லெவல் முக்கியமாகக் கிளான் வாரிலிருந்துதான் ஏறும். கேம்ஸுக்காக ஆளை விரட்டுவதும் லெவல் 10-க்கு ஓடுவதும் ஒரே வேலை அல்ல.

வாரைப் பொறுத்தவரை மச்சானின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆளுக்கு இரண்டு அட்டாக். பத்துக்குப் பத்து வாரில் நீங்கள் ஒருவர் வராவிட்டால் இருபதில் இரண்டு போச்சு. நெருக்கமான வாரில் தோல்வி அங்கேயே எழுதியாகிவிட்டது. கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அவர் பார்க்காமல் விட்டது கடிகாரம்.

ஒரு வாருக்குத் தயாரிப்பு 23 மணி நேரம், அட்டாக் போட 24 மணி நேரம். ஆக 47 மணி நேரம். ஒன்று முடிந்ததும் அடுத்த வாருக்கு எதிரியைத் தேடினால், ஒவ்வொரு வாரும் முந்தையதைவிட ஒரு மணி நேரம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். அப்படி நகர்ந்து நகர்ந்து ஏதாவது ஒரு வாரம் உங்கள் புதன்கிழமை மேலேயே வந்து உட்காரும். செவ்வாய் காலை 8 மணிக்குத் தேடினால் அட்டாக் புதன் காலை 7 மணிக்குத் திறந்து வியாழன் காலை 7 மணிக்கு மூடும். நீங்கள் டோக்கன் வாங்கிப் படகேறுவதும் மறுநாள் மீனை இறக்குவதும் கிட்டத்தட்ட அதே நேரம். நீங்கள் நடுக்கடலில் இருக்கும்போதே வார் திறந்து மூடிவிட்டது.

இதே வாரை ஞாயிறு மாலை 7 மணிக்குத் தேடச் சொல்லுங்கள். தயாரிப்பு திங்கள் மாலை 6 வரை. அட்டாக் அப்போது திறந்து செவ்வாய் மாலை 6 வரை இருக்கும். செவ்வாய் காலை கரையேறி, குளித்துச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தாலும் மத்தியானத்துக்கு மேல் இரண்டு அட்டாக்கையும் நிதானமாகப் போடலாம். இரண்டாவது வாரைப் புதன் மாலை 7 மணிக்குத் தேடட்டும். அட்டாக் வியாழன் மாலை 6 முதல் வெள்ளி மாலை 6 வரை, நீங்கள் முழுக்கக் கரையில். தேடுகிற நேரத்தில் நீங்கள் கடலில் இருந்தால் பாதகமில்லை. லீடரோ கோ-லீடரோ உங்கள் பெயரைச் சேர்த்தால் போதும். வார் பேஸை (வாருக்கான உங்கள் ஊர் அமைப்பை) முன்கூட்டியே சரிசெய்து வைத்துவிடுங்கள், உதவிப் படை நிற்கிற காசிலை மற்றவர்கள் நிரப்பிவிடுவார்கள். நம் மாலை 7 மணி துபாயில் 5.30. மச்சானுக்கு வேலை முடியாத நேரம் என்றால் ஊரில் இருக்கிற ஒருவரைக் கோ-லீடர் ஆக்கினால் அவரே தேடிவிடுவார்.

வாரத்துக்கு மூன்று, மூன்றரை வார் போட்டுப் பாதிப் பேர் அட்டாக் போடாமல் விடுவதைவிட இந்த இரண்டு போதும் என்பது என் கருத்து. வாரில் தோற்றாலும் போட்ட அட்டாக்குக்குக் கிளானுக்குப் புள்ளி உண்டு. ஆக, லெவல் ஏற வேண்டுமென்றால் வார் எண்ணிக்கையைவிட, நடக்கிற வாரில் எத்தனை அட்டாக் விழுகிறது என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். நாட்டுப்படகில் போகிற கூட்டாளிகள் கிளானில் இருந்தால் அவர்களுக்குத் தொழில் நாள் வேறு. அவர்களையும் கேட்டுவிட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள். விசைப்படகுக்குப் பார்த்து வைத்த நாள் அவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம் என்று கடலுக்குப் போகாத நாளும் வரும். அதற்காகத்தான் உங்கள் பக்கத்தில் வார் விருப்பப் பொத்தான் இருக்கிறது. வர முடியும் என்றால் பச்சை, முடியாது என்றால் சிவப்பு. கடலுக்குக் கிளம்புவதற்கு முன் அதை மாற்றும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பில் இருக்கிறவரையும் லீடர் நினைத்தால் வாரில் சேர்க்க முடியும், பொத்தான் அவரைத் தடுக்காது. ஆனால் சிவப்பில் இருந்தவரைச் சேர்த்துவிட்டு "ஏன் அட்டாக் போடவில்லை" என்று கேட்க அவருக்கு வாய் இருக்காது. சென்ற இரண்டு வாரிலும் நீங்கள் பச்சையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தால், அந்தத் தவறு உங்களுடையது. முதலில் அதை ஒப்புக்கொண்டு பேச்சை ஆரம்பியுங்கள்.

படகிலிருந்தே அட்டாக் போட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு கோடு சிக்னலில் வார் அட்டாக்கைத் தொடங்கி நடுவில் இணைப்பு அறுந்தால், இறக்கிய படை மட்டும் ஆடும், மிச்சம் வீண். அட்டாக் ஒன்று கணக்கில் போய்விடும். தனுஷ்கோடிப் பக்கம் போனில் இலங்கை டவர் வந்து நிற்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கடலுக்குப் போகும்போது டேட்டா ரோமிங்கை அணைத்து வைத்துவிடுங்கள். ஒரு அட்டாக்குக்காக ரோமிங் கட்டணம் கட்டிக்கொண்டிருக்க முடியாது.

எல்டர் பதவி போனதற்கு வருத்தப்படாதீர்கள். ஆளைச் சேர்க்கலாம், மெம்பரை நீக்கலாம் என்கிற அதிகாரம் அதில் உண்டு, அதனால் பரிசு எதுவும் கூடுதலாகக் கிடைக்காது. கிளான் சேர்ந்து வார இறுதியில் ஆடுகிற ரெய்டும் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. வெள்ளி மதியம் 12.30-லிருந்து திங்கள் மதியம் 12.30 வரை நேரம் இருக்கிறது. சனிக்கிழமை கடலில் இருந்தாலும் ஞாயிறு போதும்.

லெவல் 10-க்கு இவ்வளவு ஓட்டம் தேவையா என்று கேட்டால், பாதி ஆம். லெவல் 5-இல், கிளானில் ஒருவருக்கொருவர் கொடுக்கிற நன்கொடைப் படை ஒரு படி உயரும், 10-இல் இரண்டு படி. கண்ணுக்குத் தெரிகிற உதவி அது. ஆனால் கிளான் லெவல் கீழே இறங்காது. நாலு மாதம் தள்ளி வந்தாலும் அதே 10-தான். அதற்காகச் சொந்தக்காரர்களை வெளியே தள்ளிவிட்டு முகம் தெரியாத ஆளை உள்ளே இழுத்துப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தத் தொல்லை உங்கள் கிளானோடு பிறந்ததல்ல. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில் 2010 டிசம்பரில் கேட்டக்கிளிசம் என்ற புதிய பாகம் வந்தபோது கில்டுகளுக்கு (அங்கே கிளானுக்கு அதுதான் பெயர்) 25 லெவல் வைத்தார்கள். லெவல் ஏற ஏற ஒவ்வொரு சலுகை. பத்துப் பேர் வைத்திருந்த சிறிய கில்டால் பெரியவர்களுக்கு ஈடாக ஓட முடியவில்லை. சலுகைக்காக ஆட்கள் பெரிய கில்டுக்குப் போனார்கள். பெரிய கில்டுகளோ யார் எவர் என்று பார்க்காமல் அழைப்பை அனுப்பிக்கொண்டிருந்தன. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. உறுப்பினர் எதிரியிடம் எடுக்கிற தங்கத்துக்கு மேல் ஒரு பங்கு கில்டு வங்கிக்குத் தானாகச் சேரும்படி ஒரு சலுகை வைத்திருந்தார்கள். எப்போதாவது வருகிறவனும் அங்கே வருமானம்தான். பேச ஆள் கிடையாது, தலை எண்ணிக்கைக்கு இடம் உண்டு. கடைசியில் 2014-இல் வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனர் என்ற பாகம் வந்தபோது கம்பெனியே கில்டு லெவலை எடுத்துவிட்டது. கில்ட் வார்ஸ் 2 என்ற இன்னொரு விளையாட்டில் வேறு வழி: ஒருவர் ஒரே நேரத்தில் ஐந்து கில்டில் இருக்கலாம். சொந்தக்காரர்களோடு ஒன்று, தீவிரமாக ஆட ஒன்று. கிளாஷில் அந்த வசதி கிடையாது, ஒரு கணக்குக்கு ஒரு கிளான்தான். அதனால்தான் உங்கள் கேள்வி இவ்வளவு கனமாக இருக்கிறது.

பெரிய கிளான் சங்கதிக்கு வருகிறேன். 300 ரூபாய் கொடுக்காதீர்கள். கிளானில் சேர விளையாட்டு ஒரு பைசாவும் கேட்பதில்லை, கேட்கிறவர் தன் பைக்காகக் கேட்கிறார். கொடுத்த மறுநாள் கிக் பண்ணினால் யாரிடம் போய் நிற்பீர்கள்? அக்கவுண்டைக் கொடுப்பது அதைவிட மோசம். உங்கள் மெயிலுக்கு வருகிற உள்நுழைவு எண்ணை ஒருவருக்குச் சொன்னால், அவர் மெயிலையே மாற்றிக்கொண்டு போய்விடலாம். அவர் நல்லவராகவே இருந்தாலும் அக்கவுண்டைப் பகிர்வது கம்பெனி விதிக்கு விரோதம். கணக்கு முடங்கினால் உங்களுடையதுதான் முடங்கும். ஏற்கனவே பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். தவிர, அந்தக் கிளானிலும் இதே சட்டம்தான் இருக்கும். அங்கே கடல் என்றால் என்னவென்று தெரிந்த மச்சான் இருக்க மாட்டார்.

மச்சானிடம் பேசும்போது கடைசியாக லீகைப் பற்றிச் சொல்லுங்கள். மாதத் தொடக்கத்தில் நடக்கிற வார் லீகில் ஏழு நாள், நாளுக்கு ஒரு அட்டாக். பதினைந்து பேர் ஆடுகிற லீகாக இருந்தாலும் பட்டியலில் 22 பேரையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாள் வார் திறப்பதற்கு முன்பும் யார் ஆடுவது என்று மாற்றலாம். கடல் நாளில் உங்களை வெளியே உட்கார வைத்து, கரை நாளில் இறக்கினால் யாருக்கும் நட்டமில்லை. ஏழு நாளில் மொத்தம் எட்டு ஸ்டார் எடுத்தாலே பதக்கம் முழுதாகக் கிடைக்கும். நாலு அட்டாக்கில் இரண்டிரண்டு ஸ்டார் எடுத்தால் கணக்கு நேர். ஒன்று கவனம்: ஒரு லீகில் ஒரு கிளானுக்காகத்தான் ஆட முடியும். பட்டியலில் பெயர் ஏறிய பிறகு கோபித்துக்கொண்டு கிளம்பினால் அந்த மாத லீக் போச்சு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மே மாத லீகும் ஜூன் மாத லீகும் அந்த 61 நாளுக்குள்ளேயே வந்துவிடும். அந்த இரண்டிலும் ஏழு நாளும் உங்கள் பெயரைப் போடச் சொல்லி இப்போதே மச்சானுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிடுங்கள்.