பாகனும் கும்கியும் ஒரே படத்தில்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில் மாலைக் கவளம் கொடுக்கும் நேரத்தில், ஒரு பாகன் தம் கும்கியின் துதிக்கையில் நெற்றியைச் சாய்த்து நின்றதைப் படமெடுத்தேன். அதை எங்கள் ஒளிப்பட மன்றத்தில் காட்டியபோது, யானையின் காலில் இருந்த சங்கிலியை ஏன் வெட்டினீர்கள் என்று ஒருவர் கேட்டார். பாகனின் சட்டை வெளுத்துப்போய்விட்டது என்றார் இன்னொருவர். இது ஒளிப்படப் போட்டிகளின் இயற்கைப் பிரிவுக்குப் பொருந்தாது என்றும், இத்தகைய படங்களைப் பார்த்துத்தான் மக்கள் காட்டு யானைகளை நெருங்குகிறார்கள் என்றும் மூத்த உறுப்பினர் கூறினார். அந்தப் பாகனின் அன்பு உண்மையானது. இவற்றில் எதை ஏற்பது, எதை விடுவது?
– வாசகி, கூடலூர்

பதில்: சட்டையைப் பற்றிய குறையை உடனே ஏற்றுக்கொள்ளலாம். யானையின் கருந்தோல் படத்தின் பெரும்பகுதியை நிரப்பும்போது, கேமரா அந்தக் காட்சியே இருட்டானது என்று கணித்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. அதனால் வெள்ளைச் சட்டையும் தந்தமும் விவரம் இழக்கின்றன. அடுத்த முறை எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (வெளிச்ச அளவின் படி) குறைத்து, கேமரா பதிவுசெய்த விவரங்களை அப்படியே வைத்திருக்கும் ரா வடிவில் எடுங்கள். நிழற்பகுதியைப் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம்.

இயற்கைப் பிரிவு பற்றிய கருத்து உங்கள் படத்தின் தரத்தைக் குறைத்துச் சொல்வதாகாது. பி.எஸ்.ஏ., ஃபியாப், ஆர்.பி.எஸ். ஆகிய ஒளிப்பட அமைப்புகள் பொதுவாக ஏற்றுக்கொண்டுள்ள வரையறையின்படி, இயற்கையின் கதைக்கு இன்றியமையாத இடங்களைத் தவிர, மனிதரோ மனிதர் செய்த பொருளோ இயற்கைப் படத்தில் இடம்பெறக் கூடாது. காட்டுயிர்ப் படம் என்றால் விலங்கு கட்டுப்பாடின்றித் தன் வாழிடத்தில் இருக்கவும் வேண்டும். மனிதரால் பராமரிக்கப்படும் கும்கி அந்த வரையறைக்குள் வராது. உங்கள் படத்துக்குரிய இடம் செய்திப்படப் பிரிவு, அங்கே அனுப்புங்கள்.

சங்கிலியைப் பற்றிய கேள்விதான் என் பார்வையில் மிக முக்கியமானது. நீங்கள் அதை மறைக்கும் நோக்கத்தோடு வெட்டியிருக்க மாட்டீர்கள்; நெற்றியும் துதிக்கையும் தொடும் இடத்துக்குப் பார்வையை இழுக்க வேண்டும் என்று எண்ணியே கீழ்ப்பகுதியை நீக்கியிருப்பீர்கள். ஆனால் சங்கிலியோடு சேர்ந்து, இது ஒரு முகாம், இந்த யானை பயிற்றுவிக்கப்பட்டது, இந்த மனிதருக்கு இது அன்றாட வேலை என்ற செய்தி முழுவதும் படத்தைவிட்டு வெளியேறிவிட்டது. எஞ்சியிருப்பது ஒரு மனிதரும் ஒரு யானையும் மட்டுமே. கவளம் உருட்டும் கை, சமைத்த கேழ்வரகும் கொள்ளும் கிடக்கும் மேடை, பக்கத்தில் நிற்கும் காவடி (உதவிப் பாகன்) ஆகியவற்றில் ஒன்றேனும் உள்ளே இருந்திருந்தால், பார்ப்பவர் அந்த அன்பை அதற்குரிய இடத்தில் வைத்துப் பார்த்திருப்பார். பாகனின் அன்பு உண்மை என்கிறீர்கள். நான் அதை முழுமையாக நம்புகிறேன். அந்த அன்போடு ஆபத்தும் கூடவே இருக்கிறது என்பதும் உண்மை: 2023இல் இதே முகாமில் ஒரு வளர்ப்பு யானை தாக்கிப் பாகன் ஒருவர் உயிரிழந்தார். தலைமுறை அனுபவம் உள்ளவர்களுக்கே இந்த நிலை என்றால், பக்கத்து மசினகுடிச் சாலையில் காரைவிட்டு இறங்கிக் காட்டு யானையோடு செல்பி எடுப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மூத்த உறுப்பினரின் கவலை அதுதான். ஒரே படத்தின்மீது முழுப் பழியையும் சுமத்தியதில் அவர் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் கவலை நியாயமானது.

தொடுகையைப் படமாக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உலகின் கடைசி ஆண் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகமான சூடான் 2018 மார்ச்சில் கென்யாவின் ஓல் பெஜெட்டா காப்பகத்தில் இறப்பதற்குச் சற்று முன்பு, பராமரிப்பாளர் ஒருவர் அதன் தலையோடு தலை சாய்த்திருந்ததை ஒளிப்படக் கலைஞர் ஏமி விட்டாலே எடுத்த படம் உலகெங்கும் பார்க்கப்பட்டது. எழுந்து நிற்க முடியாத ஒரு விலங்கையும், அதைப் பேணிய ஒருவரின் துயரத்தையும் காட்டும் அந்தப் படத்தைப் பார்த்து, தாமும் ஒரு காண்டாமிருகத்தைத் தொட வேண்டும் என்று எவருக்கும் தோன்றாது.

கேள்வி: வால்பாறை புதுத்தோட்டம் சாலையோரத்தில் இருந்த சிங்கவால் குரங்கையும் என் அண்ணனையும் சேர்த்து ஒரு படம் எடுத்தேன். அவர் உணவு எதுவும் கொடுக்கவில்லை, நெருங்கவும் இல்லை, 400 மி.மீ. லென்ஸில் இருவரும் அருகருகே இருப்பதுபோல் தெரிகிறார்கள். அதையும் தவறு என்கிறார்களே?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: உங்கள் அண்ணன் தவறு செய்யவில்லை. ஆனால் படம் வேறொன்றைச் சொல்கிறது. தொலைவில் நின்று நீண்ட லென்ஸில் எடுக்கும்போது இருவருக்கும் இடையிலுள்ள தூரம் சுருங்கித் தெரியும் என்பது ஒளிப்படக்காரர்களுக்குத் தெரியும். பார்ப்பவர்களில் பலருக்குத் தெரியாது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சிம்பன்சியின் அருகே மனிதர் நிற்கும் படத்தைப் பார்த்தவர்கள், மனிதர் இல்லாத படத்தைப் பார்த்தவர்களைவிட, அந்த இனம் காட்டில் நலமாக இருக்கிறது என்றும், அது வீட்டில் வளர்க்க ஏற்றது என்றும் கூடுதலாக எண்ணினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத, அழியும் ஆபத்திலுள்ள ஒரு குரங்கைப் பற்றி இப்படியோர் எண்ணம் பரவுவது நல்லதில்லை. குரங்கினங்களைப் படமெடுப்பது குறித்து, உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என்.னின் வல்லுநர் குழு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், மனிதருக்கும் குரங்குக்கும் இடையே குறைந்தது 7 மீட்டர் தூரம் இருப்பது படத்திலேயே தெரிய வேண்டும் என்கிறது. நோய் இரு திசைகளிலும் தொற்றக்கூடியது என்பது அதற்கு மற்றொரு காரணம்.

குறிப்பு எழுதிச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2019இல் காங்கோவின் விருங்கா தேசியப் பூங்காவில் காவலர் ஒருவர் இரண்டு கொரில்லாக்களோடு எடுத்த செல்பி உலகெங்கும் பரவியது. அவை தாயை இழந்து காப்பகத்தில் வளர்பவை என்றும், காட்டில் கொரில்லாவை நெருங்க அனுமதியே இல்லை என்றும் பூங்கா விளக்கம் அளித்தது. ஆனால் கைமாறிச் சென்ற படத்தோடு விளக்கமும் எல்லா இடங்களுக்கும் சென்று சேரவில்லை. ஆகவே அகன்ற லென்ஸில், தேயிலைச் சரிவும் சாலையும், மரத்துக்கு மரம் கட்டப்பட்டுள்ள குரங்குப் பாலமும் உள்ளடங்குமாறு, பக்கவாட்டில் நின்று எடுத்துப் பாருங்கள். காடு துண்டாகிப்போனதால் மரக்கிளைகளில் வாழ வேண்டிய ஓர் உயிரினம் தார்ச்சாலையைக் கடக்க நேர்ந்திருக்கிறது என்ற செய்தி, உங்கள் அண்ணனின் உருவம் சிறிதாகத் தெரியும் அந்தப் படத்தில்தான் கிடைக்கும்.

கேள்வி: என் படங்களை எவரிடம் காட்டினாலும் ‘அருமை’ என்கிறார்கள். பயன்படும் விமர்சனத்தைப் பெறுவது எப்படி?
– வாசகர், மதுரை

பதில்: ‘படம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் மரியாதைக்காகப் பாராட்டத்தான் செய்வார்கள். தலைப்பும் விளக்கமும் இல்லாமல் படத்தை மட்டும் கொடுத்து, இந்த யானை எங்கே வாழ்கிறது, இந்த மனிதர் யார், இவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கேளுங்கள். பார்ப்பவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். முகாம் யானையைக் காட்டு யானை என்று அவர் சொன்னால், எந்த இடத்தில் படம் தவறாக வழிகாட்டியது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஒளியையும் சட்டக அமைப்பையும் மன்றத்து நண்பர்கள் பார்ப்பார்கள். விலங்கைப் பற்றிய மதிப்பீட்டுக்கு அச்சிட்ட படத்தைப் பாகனிடமோ வேட்டைத் தடுப்புக் காவலரிடமோ கொண்டுசெல்லுங்கள். காது விறைத்திருப்பதையும், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர்க் கசிவு தொடங்கியிருப்பதையும் அவர்கள் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள்; நீங்கள் சாந்தம் என்று நினைத்து எடுத்தது உண்மையில் எரிச்சலின் தொடக்கமாக இருக்கக்கூடும். படத்தில் இருக்கும் மனிதருக்கு அது பிடிக்கவில்லை என்றால், எத்தனை பரிசு கிடைக்கக்கூடிய படமானாலும் வெளியிட வேண்டாம் என்பதே என் கருத்து.