விரலில் குத்தாத வாட்ச், ஏஐ செயலி: ஒரு வருடச் சந்தா கட்டலாமா?

கேள்வி: ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மாத்திரை மட்டும்தான், இன்சுலின் இல்லை. என் உடம்புக்கென்றே ஏஐ திட்டம் போட்டுத் தரும் என்று ஒரு செயலி விளம்பரம் வருகிறது. கூடவே குத்தாமல் சர்க்கரை பார்க்கும் வாட்ச்சும் தருகிறார்களாம், வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி. வாங்கலாமா?

பதில்: வாட்ச்சை முதலில் மறந்துவிடுங்கள். தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரை அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அளவே தப்பு என்றால் அதன்மேல் ஓடும் ஏஐ எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்து என்ன?

செயலி விஷயம் வேறு. ஆளுக்கு ஆள் உடம்பு மாறும் என்பது வெறும் விளம்பரப் பேச்சு இல்லை. 2015-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 800 பேரைக் கண்காணித்து, ஒரே உணவுக்கு ஒவ்வொருவருக்கும் சர்க்கரை வேறு மாதிரி ஏறுவதைக் காட்டினார்கள், அதைக் கணினியால் முன்கூட்டியே கணிக்கவும் செய்தார்கள். ஆனால் அந்த 800 பேரும் நீரிழிவு வராதவர்கள், அதோடு கணிப்புக்குத் தொடர் சென்சார் (தோலில் ஒட்டிக்கொண்டு இரவு பகலாகச் சர்க்கரையை அளப்பது), குடல் நுண்ணுயிர்ப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் தேவைப்பட்டது. உங்கள் செயலி வயது, எடை, உயரம் மட்டும் கேட்டுவிட்டுத் திட்டம் நீட்டினால் அது எல்லோருக்கும் தரும் அதே அட்டவணைதான், மேலே உங்கள் பெயர் இருக்கும், அவ்வளவே.

செயலி அந்தத் தோலில் ஒட்டும் சென்சாரோடு வந்தால் கொஞ்சம் யோசிக்கலாம். 5 நிமிடத்துக்கு ஒரு அளவு என்றாலே நாளைக்கு 288. கற்றுக்கொள்ள ஏஐக்கு ஏதோ இருக்கிறது. அதிலும் சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தைத்தான் அளக்கிறது, அதனால் சில நிமிடம் பிந்தும். சென்சார் இருக்கும் பக்கமாகப் படுத்துத் தூங்கினால் பொய்யாகக் குறைத்துக் காட்டுவதும் உண்டு (நடு ராத்திரி அலாரம் அடித்து வீட்டையே எழுப்பும்).

நான் பயப்படுவது இன்னொன்றுக்கு. கிளிமிபிரைடு வகை மாத்திரை (உடம்பை அதிக இன்சுலின் சுரக்க வைப்பது) சாப்பிடுகிறீர்களா? அப்படியானால் செயலி சொன்னது என்று சாப்பாட்டைச் சட்டெனக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். என்ன மாத்திரை, எவ்வளவு என்று கேட்காத செயலிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

வருடச் சந்தா வேண்டவே வேண்டாம். ஒரு சென்சார் பெரும்பாலும் 10 முதல் 14 நாள் வரும், ஒன்று இரண்டு போட்டுப் பார்த்து, சர்க்கரை ஏறி இறங்குவதைக் காட்டும் அதன் வரைபடத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தரவைப் பதிவிறக்கி எடுத்துப்போக முடியாது என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். அப்புறம், சந்தா தானாகப் புதுப்பிக்குமா, விலகினால் உங்கள் தரவை அழிப்பார்களா என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.