குடியிருப்புக்கு ஏஇடி கருவி (தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்ச்சியால் சீராக்க உதவுவது) வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கருவியின் விலையைவிட, மின்னதிர்ச்சி செலுத்த மார்பில் ஒட்டும் பட்டைகளின் காலாவதித் தேதியை முதலில் பாருங்கள். அவற்றின் பசை பெரும்பாலும் 2 முதல் 5 ஆண்டுகள்தான் தாங்கும். பேட்டரியும் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியது. விற்பவர் இந்தச் செலவைத் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்குங்கள்.

தவறாக அதிர்ச்சி கொடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். இதயம் தாறுமாறாகத் துடிதுடித்தால் மட்டுமே கருவி மின்னதிர்ச்சிக்கு இசையும். துடிப்பே அடங்கிய இதயத்துக்கு அது உதவாது. 108 வரும்வரை மார்பை விடாமல் அழுத்த வேண்டியதுதான். வியர்வையைத் துடைத்துவிட்டு, ஒரு பட்டையை வலது காறையெலும்புக்குக் கீழும் மற்றதை இடது அக்குளுக்குக் கீழும் ஒட்டுங்கள்.

செயலாளர் அறையில் மட்டும் பூட்டி வைத்துவிடாதீர்கள். மின்னதிர்ச்சியும் மார்பழுத்தமும் இல்லாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது.