கண்ணாடி அலமாரியில் ஒரு போத்தல்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கிறேன். மாதம் ஒருமுறை அலுவலக நண்பர்கள் குடும்பத்தோடு வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். சமையல் நம் சமையல்தான், மீன்தலைக் கறி கண்டிப்பாக உண்டு. ஒயின் வாங்கலாம் என்று பேரங்காடிக்குப் போனால் கால் மணி நேரம் முழித்துக்கொண்டு நின்றுவிட்டு ஏதோ ஒன்றை எடுத்து வருகிறேன். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் வேறு. 20 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்தான்), பல நாடுகளிலிருந்தும் நல்ல ஒயின் நான்கைந்து சொல்ல முடியுமா? 90க்கு மேல் மதிப்பெண் என்று ஒட்டியிருப்பதை நம்பலாமா? இதயத்துக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா? யவனர் தந்த தேறலைப் புறநானூறே பாடியிருக்க, நம்மவர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள்? (என் பழைய மேலாளர் கொடுத்த விலை உயர்ந்த பிரெஞ்சு ஒயின் ஒன்று 8 வருடமாக வரவேற்பறை அலமாரியில் இருக்கிறது. அதை ஒரு நல்ல நாளுக்கு என்று வைத்திருக்கிறேன்.)

ரா.

அன்புள்ள ரா.,

அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அந்தக் கடைசி இரண்டு வரிக்காகத்தான் இந்தப் பதில். அதற்கு வருகிறேன்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். இதயத்துக்கு நல்லதா? இல்லை. எந்த அளவும் பாதுகாப்பானதல்ல என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. ருசிக்காகக் குடிப்பதானால் கொஞ்சமாகக் குடியுங்கள். மருந்து வேண்டுமென்றால் மருந்துக்கடை இருக்கிறது. மதிப்பெண்? விற்கிறவர் ஒட்டும் காகிதம் அது, 71 என்று யாராவது ஒட்டிப் பார்த்திருக்கிறீர்களா? புறநானூறு? இரண்டு தமிழர் மதுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடம் யவனர் கப்பலில் வந்து இறங்கிவிடுகிறார்கள். பாவம், களைத்திருப்பார்கள், விட்டுவிடுங்கள்.

ஆனால் 20 வெள்ளிக்குள் என்கிறீர்களே, அதை விட முடியாது. நீங்கள் பொறியாளர் போலத் தெரிகிறது, ஒரு நாளாவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? இங்கே ஒயினுக்குத் தீர்வை விலையைப் பார்த்து விதிப்பதில்லை. உள்ளே எவ்வளவு மதுசாரம் இருக்கிறது என்று பார்த்து விதிக்கிறார்கள். ஒரு லிட்டர் சுத்த மதுசாரத்துக்கு 88 வெள்ளி. 2014இல்தான் 70இலிருந்து ஏற்றினார்கள். 750 மில்லி போத்தலில் 13 விழுக்காடு மதுசாரம் என்றால் தீர்வை 8 வெள்ளி 58 காசு. அதன் தலையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி, தீர்வைக்கும் சேர்த்து.

ஆக, 20 வெள்ளிப் போத்தலில் இரண்டு வரியும் போக மிஞ்சுவது 9.77. பாதிக்கு மேல் வரி! மிச்சத்தில்தான் கப்பல் கூலி, இறக்குமதி செய்தவர் லாபம், கடை வாடகை, கண்ணாடி, தக்கை, லேபிள் எல்லாம். திராட்சை பறித்தவருக்கு என்ன போயிருக்கும், போத்தலுக்குள் என்ன வந்திருக்கும்? இப்போது 35 வெள்ளிப் போத்தலை எடுங்கள். தீர்வை அதே 8.58தான். மிஞ்சுவது 23.53. கூடக் கொடுத்த 15 வெள்ளியில் 13.76 நேராகச் சரக்குப் பக்கம் போகிறது. வேறு ஊரில் மலிவு மலிவாக இருக்கலாம். இந்த ஊரில் மலிவு போத்தல்தான் கொள்ளை விலை. இரண்டு 20 வெள்ளிப் போத்தலுக்குப் பதில் ஒரே ஒரு 35 வெள்ளிப் போத்தல் வாங்குங்கள், கையில் 5 வெள்ளி மிச்சம். 60ஐத் தாண்டினால் பெரும்பாலும் பெயருக்குத்தான் கொடுக்கிறோம் என்பது என் எண்ணம். (நான் இந்தக் கணக்கை ஆரம்பித்தால் என் மனைவி துணி மடிக்க எழுந்து போய்விடுவாள்.)

சரி, பெயர் கேட்டீர்கள். மீன்தலைக் கறிக்கு ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் விளையும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின். லேபிளில் கபினெட் என்று இருக்கும், மதுசாரம் 8, 9 விழுக்காடு இருக்கிறதா என்று பாருங்கள். ட்ரோக்கன் என்றும் போட்டிருந்தால் அது இனிப்பில்லாதது, நமக்கு வேண்டாம். துவர்ப்பேறிய சிவப்பு ஒயின் மிளகாய்க் காரத்தோடு சேர்ந்தால் நாக்கில் தீ வைத்த மாதிரி இருக்கும். ரீஸ்லிங்கின் லேசான இனிப்பு காரத்தை அடக்கும், அதன் புளிப்பு நம் புளிக்கு ஈடு கொடுக்கும். 8 விழுக்காட்டுக்குத் தீர்வையும் 5.28தான். சிவப்புதான் வேண்டும் என்பவர்களுக்குப் போர்ச்சுகல். அங்கே திராட்சை வகைகளின் பெயர் வாயில் நுழையாது, அதனாலேயே தரத்துக்கு ஏற்ற விலை இன்னும் ஏறவில்லை. டோரோ (Douro), அலென்டேஜோ (Alentejo) என்று ஊர்ப்பெயரைப் பார்த்து எடுங்கள். சிலியில் கார்மெனேர் என்ற திராட்சையில் செய்யும் சிவப்பும் நல்லது. நூறு வருடத்துக்கு மேலாக மெர்லோ என்ற வேறு வகைத் திராட்சை என்று நினைத்து வளர்த்த கொடிகளில் பலவும் கார்மெனேர் என்று 1994இல் ஒரு பிரெஞ்சு நிபுணர் வந்து சொல்லித்தான் அவர்களுக்கே தெரிந்தது. தென்னாப்பிரிக்காவின் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் கோழிக்கு. போதும்.

இப்போது அந்த அடைப்புக்குறி.

என் மாமனார் செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். 1996இல் ஓய்வு பெற்ற அன்று ஒரு பிரெஞ்சு சிவப்பு ஒயினைப் பரிசாகக் கொடுத்தார்கள். அங் மோ கியோ வீட்டில், மேற்கு வெயில் அடிக்கும் கூடத்தில், கண்ணாடி அலமாரிக்குள் பிள்ளைகளின் பூப்பந்துக் கோப்பைகளுக்கு நடுவில் அதை நிறுத்தி வைத்தார். மனிதர் குடிக்காதவர் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கறுப்பு பீர் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார், நேராக அடுப்படிக்குள் போவார், நின்றபடியே குடிப்பார். கூடத்துக்குக் கொண்டுவந்ததே இல்லை. ஒயினை மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி இறக்கித் துடைத்து, லேபிள் முன்பக்கம் தெரிகிற மாதிரி திருப்பி வைப்பார். "எப்ப மாமா திறக்கிறது?" என்று கேட்டால் பேத்தி பட்டம் வாங்கட்டும் என்பார். வாங்கினாள். அப்புறம் அவள் கல்யாணம் ஆகட்டும் என்றார்.

2019இல் போய்விட்டார். வருடத் திவசம் முடிந்து வீட்டைக் காலி செய்த அன்றுதான் அதைக் கையில் எடுத்தேன். சன்னல் பக்கம் இருந்த பாதி லேபிள் வெளுத்துப் போயிருந்தது. கழுத்தில் பிசுபிசுவென்று ஒரு கறை. ஒயின் தோள்வரை இறங்கியிருந்தது. திருகாணியை இறக்கியதும் தக்கை பழம்புளி மாதிரி உதிர்ந்து உள்ளேயே விழுந்தது. மைத்துனன் டீ வடிகட்டியில் வடிகட்டி எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றினான். சிவப்பே இல்லை, ஆறிப்போன தேநீரின் நிறம். காடியும் ஊறிப்போன உலர்திராட்சையும் கலந்த வாடை. ஐந்து பேரும் ஒரு வாய் குடித்தோம். யாரும் துப்பவில்லை.

அதிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் அலமாரிக்குத்தான் போகிறது. 12, 13 பாகையில், இருட்டில், படுக்கவைத்து வளர்க்க வேண்டியதை 30 பாகையில் வெளிச்சத்தில் நிற்க வைத்திருக்கிறீர்கள். தக்கை காயும், காற்றுப் போகும், ஒயின் வெந்துவிடும். அதிலும் எல்லா ஒயினும் வயதானால் நன்றாகிவிடாது, பெரும்பாலானவை ஓரிரு வருடத்தில் குடிக்கச் செய்தவை. மடிக்கணினியைக் குளிர்சாதன அறையில் வைக்கிற ஆள் இதை யோசிக்க வேண்டாமா? நல்ல நாளாம், நல்ல நாள்!

வருகிற ஞாயிற்றுக்கிழமை திறங்கள். ஊற்றுவதற்கு முன்னால் அரை மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், நம் ஊர்ச் சூட்டுக்குச் சிவப்புக்கும் அது வேண்டும். கெட்டுப்போயிருந்தால் தொட்டியில் கொட்டிவிட்டு ரீஸ்லிங்கை எடுங்கள். அதைச் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள், இரவு பத்தரைக்கு மேல் கடைகளில் விற்கமாட்டார்கள். பையைக் கக்கத்தில் இடுக்காமல் கையில் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

அந்த மேலாளர் இன்னும் இங்கேதான் இருக்கிறாரா? இருந்தால் அவரையும் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
க.