போட்டிக்கு முன் பதறும் பெண் பிள்ளைகள்: கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு வயது 15, நூறு மீட்டர் ஓடுகிறாள். ஓடுவதற்கு முன் நெஞ்சு படபடக்கிறது, அடிக்கடி பாத்ரூம் போகிறாள். பயந்த சுபாவமா?

பதில்: இல்லைங்க. அட்ரினலின் சுரந்து உடம்பு ஓடத் தயாராகிறது. படபடப்பு, வியர்வை, வயிற்றுக் கலக்கம் எல்லாம் ஓடத் தொடங்கியதும் பெரும்பாலும் அடங்கிவிடும். "தோற்றால் அப்பா என்ன சொல்வாரோ" என்று மனசுக்குள் ஓடுகிறதே, அந்தப் பதற்றம்தான் கவனத்தைக் கெடுக்கும். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள். பதக்கப் பேச்சை விட்டுவிட்டு, முதல் சில அடிகளுக்குத் தலையைத் தூக்காமல் ஓடுவது மாதிரி அவள் கையில் இருக்கிற ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள்.

கேள்வி: மகள் வில்வித்தை. கை நடுங்குகிறது, இதயத்துடிப்பைக் குறைக்கும் ப்ராப்ரனலால் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வில்வித்தையிலும் துப்பாக்கி சுடுதலிலும் அது தடை செய்யப்பட்ட மருந்து, போட்டி இல்லாத நாளிலும்கூட. வீசிங் இருக்கிற பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: பீரியட்ஸ் நாளில் போட்டி வந்தால் அழுகிறாள்.

பதில்: வலியோடு கறை தெரிந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. வெள்ளை உடையில் பிடிவாதமாக இருந்த விம்பிள்டனே 2023-ல் பெண்களுக்கு அடர்நிற உள்ஷார்ட்ஸை அனுமதித்தது. உங்கள் கோச்சிடமும் அடர்நிற ஷார்ட்ஸ் கேளுங்கள். மூன்று மாதம் பீரியட்ஸே வராமல் போனால் "பிராக்டீஸ் அதிகம்" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: நான் கபடி கோச். பயம் இருந்தால்தான் பிள்ளைகள் ஆடுவார்கள். நாங்களும் திட்டு வாங்கித்தான் வளர்ந்தோம்.

பதில்: சார், திட்டு தாங்காமல் பாதியில் விட்டுப்போனவர்கள் இப்படி வந்து பேசுவதில்லையே. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021-ல் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் ஒரே ஒரு வால்ட்டோடு (ஓடிவந்து கையூன்றித் தாவுவது) அணி இறுதிப் போட்டியிலிருந்து விலகினார், காற்றில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்பதே பிடிபடாமல். அன்று விலகியவர்தான் 2024 பாரிஸில் மூன்று தங்கம் வாங்கினார்.

கேள்வி (அதே கோச்): அவர் உலக சாம்பியன். என் பிள்ளைகள் ஜில்லா மட்டம்.

பதில்: அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். பைல்ஸுக்கு ஆலோசகர் உண்டு, உங்கள் பிள்ளைக்கு நீங்கள் மட்டும்தான். தப்பு செய்தால் ஆட்டம் முடிந்தபின் திருத்துங்கள், ஆடுகளத்துக்குப் போகும்போது கத்தாதீர்கள். எதிரணி அடுத்து ரெய்டு வரும்போது காலைப் பிடிப்பது யார் என்று யோசிக்க வேண்டியவள், உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

கேள்வி: பதற்றம் குறைய நல்ல மாத்திரை ஏதாவது?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். மாத்திரை வேண்டாம்.

கேள்வி: முந்தின ராத்திரி தூக்கமே வரவில்லை.

பதில்: அந்த வாரம் நன்றாகத் தூங்கியிருந்தால் ஒரு ராத்திரியைப் பற்றிக் கவலை வேண்டாம். போட்டியே இல்லாதபோதும் வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லையென்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.